கழற்றப்போவது யார்? திருகாணித் தலைகள்: ஓர் ஒப்பீடு

திருகாணி வாங்குகிறவர்கள் நீளம் பார்ப்பார்கள், தடிமன் பார்ப்பார்கள், துருப்பிடிக்குமா என்று கேட்பார்கள். தலையில் என்ன பள்ளம் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. கைக்கு வந்த பெட்டியில் கூட்டல் குறி இருந்தால் கூட்டல் குறி, நட்சத்திரம் இருந்தால் நட்சத்திரம். அந்த அலட்சியத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டியிருக்கும். கீல் தொங்குகிறது, கதவைக் கழற்ற வேண்டும். திருப்புளியை வைத்து அழுத்தித் திருகினால் அது கரகரவென்று தனியாகச் சுழன்று பள்ளத்தை மழித்துவிடுகிறது. மரையில் ஒரு குறையும் இருக்காது, மரமும் உறுதியாகத்தான் இருக்கும். தலை போனதால் மொத்த வேலையும் நிற்கும்.

இன்று புதிய வேலைக்குத் திருகாணி தேர்ந்தெடுப்பவர் முன் நடைமுறையில் ஆறு தலைகள் இருக்கின்றன. ஒற்றைக் கோடு, பிலிப்ஸ், அதன் உடன்பிறப்பான போசிடிரைவ், சதுரக் குழியுள்ள ராபர்ட்சன், அறுகோணக் குழியுள்ள ஆலன், ஆறு மடல் நட்சத்திரமான டார்க்ஸ். இவற்றை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக எது எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்று அளந்து வரிசை போடுவார்கள். அது பாதி விடைதான். முடுக்கும்போது எல்லாமே சாதகமாக இருக்கிறது: திருகு புதிது, பள்ளம் சுத்தம், பொருத்தமான பிட் (தலைப் பள்ளத்தில் செருகும் கருவி முனை) கையில் இருக்கிறது. கழற்றும்போது இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ஆகவே நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இந்தத் திருகை அடுத்து கழற்றப்போவது யார், அவர் கையில் என்ன இருக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை தேட, ஒவ்வொரு தலையும் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்திருப்பது பெரிதும் உதவும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய சிக்கலைத் தீர்க்க வந்தது. அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒற்றைக் கோடு: ரம்பம் வெட்டிய தலை

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கவசங்களிலும் துப்பாக்கிகளிலும் சிறு உலோகத் திருகுகள் இருந்தன. தெற்கு ஜெர்மனியின் வோல்ஃபெக் கோட்டையில் பாதுகாக்கப்பட்ட அக்காலத்துச் சித்திரச் சுவடி ஒன்றில், மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தின் படமே வரையப்பட்டிருக்கிறது. தலையில் ஒரு கோடு இட்டதற்குக் காரணம் எளிது. தயாரான திருகின் தலையில் ஒரு ரம்பத்தாலோ அரத்தாலோ இழுத்தால் கோடு விழும். வேறு எந்த வடிவத்தையும் அவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. திருகின் உடம்பில் எத்தனையோ மாற்றம் வந்தது, தலை மட்டும் அப்படியே நின்றது. 1760இல் இங்கிலாந்தில் ஜாப் வயட், வில்லியம் வயட் சகோதரர்கள் மரத் திருகுகளை இயந்திரத்தில் வெட்டக் காப்புரிமை பெற்றார்கள். 1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி, ஒரே அளவான மரையைத் திரும்பத் திரும்ப வெட்டும் துல்லியமான கடைசல் இயந்திரத்தை அமைத்தார். 1841இல் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணத்தில் மரைக்கு ஒரு பொது அளவு முன்வைத்தார். 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையைத் தேர்ந்தார், இன்றைய மெட்ரிக் மரையின் கோணமும் அதுவே. மரத் திருகுக்குக் கூர்முனை வந்ததும் தாமதமாகத்தான். அதற்கு முந்தையவை மொட்டை முனையோடு இருந்தன, துளை போடாமல் உள்ளே இறங்காதவை. 1846இல் தாமஸ் ஸ்லோன் என்ற அமெரிக்கர் கூர்முனைத் திருகைச் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற, 1854இல் பர்மிங்காமில் நெட்டில்ஃபோல்டும் சேம்பர்லெயினும் அதன் உரிமையை வாங்கித் தொழிற்சாலையை விரித்தார்கள். மரையை ஒரு பாகை பிசகாமல் வரையறுத்த பொறியாளர்கள், தலையை ரம்பக் கோட்டோடு விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள்.

அந்தக் கோட்டின் குறைகள் எல்லோரும் அறிந்தவை. திருப்புளியை நடுவில் பிடித்து வைக்க அதில் எதுவும் இல்லை. முனை பக்கவாட்டில் சறுக்கி மரத்தைக் கீறும், இல்லையென்றால் கையைக் கீறும். மின் கருவியோடு அதைப் பயன்படுத்துவது ஏறக்குறைய முடியாத காரியம். சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு வடிவில் சரிந்திருப்பதால், முறுக்கும்போதே கோட்டை விட்டு மேலே ஏறப் பார்க்கும். துப்பாக்கி பழுதுபார்ப்பவர்களும் கடிகாரம் பழுதுபார்ப்பவர்களும் முனையின் இரு பக்கமும் இணையாக இருக்கும்படி தீட்டிய திருப்புளிகளை வைத்திருப்பது இதற்காகத்தான். கோட்டின் அகலமும் ஆழமும் முழுதாக நிரம்பினால், ஒற்றைக் கோடு பலர் நினைப்பதைவிட நன்றாகவே பிடிக்கும்.

கழற்றும் கேள்விக்கு வந்தால் இந்தக் கிழட்டுத் தலை திடீரென்று மதிப்புப் பெறுகிறது. மூடிய குழிக்குள் வண்ணப் பூச்சு இறுகிவிட்டால் தோண்டி எடுப்பது பெரும்பாடு. கோட்டில் இறுகியதை ஒரு கூர்மையான கம்பியால் ஒரே இழுப்பில் சுரண்டிவிடலாம். கோடு சிதைந்தால் ரம்பத்தால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். இந்த வசதி மற்ற ஐந்துக்கும் கிடையாது. பழைய மரச்சாமான்களைச் சீரமைக்கிறவர்கள், கண்ணில் படும் பித்தளைத் திருகு வேண்டுகிறவர்கள், அடிக்கடி வண்ணம் பூசப்படும் சட்டங்களைப் பொருத்துகிறவர்கள் ஆகியோருக்கு இது இன்றும் நியாயமான தேர்வு. பித்தளை மென்மையானது என்பதால், அதே அளவுள்ள எஃகுத் திருகை முதலில் இறக்கி மரத்தில் மரை பதிய வைத்துக் கழற்றிவிட்டு, பிறகு பித்தளையை இறக்குவது தச்சர்களின் பழைய வழக்கம். மற்றபடி புதிய வேலைக்கு ஒற்றைக் கோட்டைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

ராபர்ட்சன்: பரவத் தவறிய நல்ல தலை

குழியை ரம்பத்தால் வெட்ட முடியாது, அச்சால் குத்தித்தான் உண்டாக்க வேண்டும். 1870களிலேயே அமெரிக்காவில் சதுரக் குழிக்குக் காப்புரிமை கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் குளிர்ந்த எஃகில் குத்தினால் தலை பிளந்துவிடும், இல்லாவிட்டால் குழியைச் சுற்றிய சுவர் மெலிந்துவிடும். கனடாவின் பி. எல். ராபர்ட்சன் இதைத் தீர்த்தார். ஓரங்கள் சற்றே சரிந்து, அடிப்பகுதி பிரமிடு போல் கூம்பிய ஓர் அச்சை அவர் வடிவமைத்தார். அது குத்தும்போது உலோகம் முன்னால் தள்ளப்பட்டுக் கிழியாமல் பக்கங்களுக்கு நகர்ந்து இறுகியது. 1908இல் ஒன்டாரியோ மாகாணத்து மில்டன் ஊரில் தொழிற்சாலை, 1909இல் காப்புரிமை.

அந்தச் சரிவில்தான் இதன் அழகு இருக்கிறது. பிட்டும் குழியும் ஒரே சாய்வில் கூம்புவதால் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்கிறது. திருகைப் பிட்டில் செருகி எந்தத் திசையில் நீட்டினாலும் விழாது. காந்தம் ஒட்டாத துருப்பிடிக்காத எஃகுத் திருகையும் வெண்கலத் திருகையும்கூட ஒரு கையால் இறக்கலாம், மறு கை பலகையைப் பிடித்துக்கொள்ளும். இது தச்சருடைய சிக்கலைத் தீர்க்கப் பிறந்த தலை. அளவுகளை நிறத்தால் அடையாளப்படுத்தியதும் நல்ல யோசனை: மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு என்று பிட்டின் நிறத்தைப் பார்த்தே எடுத்துவிடலாம்.

பிறகு ஏன் உலகம் முழுக்க இல்லை? காரணம் பொறியியலில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஃபோர்டின் மாடல் டி காருக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட ராபர்ட்சன் திருகுகள் போனதாகவும், அதனால் ஒரு காருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சமானதாகவும் சொல்லப்படுகிறது. ஃபோர்டு உற்பத்தியில் தனக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றது. ராபர்ட்சன் மறுத்துவிட்டார். முன்னதாக இங்கிலாந்தில் அவருடைய திருகைச் செய்ய உரிமம் பெற்ற நிறுவனம் நொடித்துப்போய், சொந்தக் கண்டுபிடிப்பின் உரிமையைத் தானே திரும்ப வாங்க வேண்டிய நிலைக்கு அவர் ஆளாகியிருந்தார். சூடு கண்ட பூனை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மறுப்பு மனிதராக அவருக்கு நியாயமானது, அவருடைய திருகுக்கோ பாதகமானது. கனடாவில் அது நிலைத்தது, அமெரிக்கத் தச்சர்களில் ஒரு பகுதியினர் ஏற்றுக்கொண்டார்கள், மற்ற இடங்களில் அரிது.

ஆகவே என் தீர்ப்பு சற்றுக் கசப்பானது. மர வேலைக்கு இது டார்க்ஸுக்கு ஏறக்குறைய நிகர், ஒரு கையால் இறக்குவதில் அதைவிட மேல். ஆனால் உங்களைச் சுற்றி எல்லோர் பையிலும் சதுர பிட் இருக்கும் நாட்டில் நீங்கள் இல்லையென்றால், பத்து ஆண்டுகள் கழித்துக் கழற்ற வருபவர் உங்களைச் சபிப்பார்.

பிலிப்ஸ்: தொழிற்சாலைக்குப் பிறந்தது, வீட்டுக்குள் வந்தது

ராபர்ட்சன் விட்டுக்கொடுக்க மறுத்த இடத்தில் ஹென்றி பிலிப்ஸ் எல்லோரையும் உள்ளே அழைத்தார். குறுக்குக் குழியின் மூலக் கருத்து ஜான் தாம்ப்சன் என்பவருடையது. அமெரிக்காவின் போர்ட்லாண்டைச் சேர்ந்த பிலிப்ஸ் அந்த உரிமையை வாங்கி, வடிவத்தைச் செப்பம் செய்து, 1930களின் நடுவில் காப்புரிமைகள் பெற்றார். அவர் திருகு உற்பத்தி செய்யவில்லை, உரிமம் விற்றார். செய்ய முடியாது என்று பல உற்பத்தியாளர்கள் கைவிரிக்க, அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனியின் தலைவர் யூஜீன் கிளார்க் தன் பொறியாளர்களை விடாமல் முயல வைத்தார். 1936இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் அதைப் பயன்படுத்தியது. 1940 அளவில் அமெரிக்கத் திருகு உற்பத்தியாளர்களில் பெரும்பாலோர் உரிமம் பெற்றிருந்தார்கள்.

தொழிற்சாலைக்கு என்ன வேண்டியிருந்தது என்று பாருங்கள். ஓடும் வரிசையில் நிற்கும் தொழிலாளி பார்க்காமலேயே பிட்டை வைத்தாலும் அது தானாக நடுவில் அமர வேண்டும். மின் கருவியால் ஒரே மூச்சில் முடுக்க வேண்டும். அடுத்த நொடி அடுத்த திருகு. இதற்குப் பிலிப்ஸின் கூம்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கூம்பின் சுவர்கள் சாய்ந்தவை. முறுக்கு விசை கூடக் கூட அந்தச் சாய்வு பிட்டை மேலே தள்ளும். அதை எதிர்த்து உங்கள் உடல் எடையைப் போட்டு அழுத்த வேண்டும். அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் பிட் எகிறும், எகிறும்போதெல்லாம் குழியின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும்.

அளவுக்கு மீறி முறுக்காமல் இருப்பதற்காகவே இப்படி வழுக்கவிட்டார்கள் என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. 1930களின் காப்புரிமை ஆவணங்கள் அப்படி ஒரு நோக்கத்தைப் பேசவில்லை. 1949இல் வழங்கப்பட்ட ஒரு மேம்பாட்டுக் காப்புரிமையில்தான் பிட் வெளியேறுவது ஒரு பயனாகக் குறிப்பிடப்படுகிறது. குறையைக் குணமாக மாற்றிச் சொல்லும் கலை பொறியாளர்களுக்கும் தெரியும்.

நோக்கம் எதுவானாலும் விளைவு ஒன்றே: ஒருமுறை முடுக்கினால் போதும் என்ற இடத்துக்குப் பிலிப்ஸ் நல்லது. ஜிப்சம் பலகைச் சுவரில் திருகுகள் பூச்சுக்கு அடியில் மறைந்துவிடும், யாரும் கழற்றப்போவதில்லை. அங்கே இது போதும், இதற்கென்றே ஆழம் கட்டுப்படுத்தும் பிட்டுகளும் வருகின்றன. அதற்கு வெளியே பிலிப்ஸின் ஒரே பலம், உலகில் எந்த வீட்டிலும் ஒரு பிலிப்ஸ் திருப்புளி இருக்கும் என்பதுதான். நான் முதலில் கேட்ட கேள்வியை வைத்துப் பார்த்தால் அது சாதாரணப் பலம் அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் வேறு எந்தக் கருவியும் இல்லாமல் மின்கல மூடியைத் திறக்க வேண்டும் என்றால் பிலிப்ஸையே போடுங்கள். அங்கே முறுக்கு விசையும் அதிகம் தேவைப்படாது.

ஒரே முகம், மூன்று பேர்

கூட்டல் குறி தெரிந்தால் எல்லாமே பிலிப்ஸ் என்று நினைப்பதால்தான் பாதித் தலைகள் மழிக்கப்படுகின்றன. 1960களில் வந்த போசிடிரைவ், பிலிப்ஸ் நிறுவனமும் அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனியும் சேர்ந்து கொண்டுவந்த திருத்தம். குழியின் சுவர்கள் ஏறக்குறையச் செங்குத்தானவை, பெரிய குறுக்கின் நான்கு கைகளுக்கு இடையில் நான்கு சிறு பள்ளங்கள் கூடுதலாக இருக்கும். தலையைப் பாருங்கள்: பெரிய கூட்டல் குறிக்கு 45 பாகை திரும்பி நான்கு மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது போசிடிரைவ். பிட்டில் பிஇசட் என்று பொறித்திருக்கும், பிலிப்ஸ் பிட்டில் பிஹெச்.

போசிடிரைவ் குழிக்குள் பிலிப்ஸ் பிட்டை நுழைக்கலாம், திருகும் நகரும், ஆனால் நிரம்பாமல் ஆடும். கழற்றுவதற்கு அது போதாது. போசிடிரைவ் பிட்டைப் பிலிப்ஸ் குழிக்குள் வைத்தாலோ அது முழுதாக இறங்காது, தலையைச் சிதைக்கும். சரியான பிட்டோடு போசிடிரைவ் பிலிப்ஸைவிடத் தெளிவாக மேல், ஐரோப்பிய மர வேலையில் பல பத்தாண்டுகள் அதுதான் கோலோச்சியது. ஆனால் அதைப் பிரித்தறியத் தெரிந்தவர்கள் கையில்தான் அந்த மேன்மை. கழற்ற வருபவர் பெரும்பாலும் பிலிப்ஸ் பிட்டோடுதான் வருவார். பார்த்தவுடன் தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்வது ஒரு தலைக்குப் பெரிய குறை என்றே நினைக்கிறேன். போசிடிரைவை நான் பின்னுக்குத் தள்ளுவது இதனால்தான்.

மூன்றாவது நபர் ஜப்பானியத் தரக் குறுக்குக் குழி. ஜப்பானில் செய்த மோட்டார் சைக்கிள்களிலும் கேமராக்களிலும் இதைப் பார்க்கலாம், தலையில் ஒரு சிறு புள்ளி அடையாளமாக இருப்பது வழக்கம். பிலிப்ஸ் பிட் இதில் அடிவரை இறங்காமல் மிதக்கும், இறுகிய திருகென்றால் தலை போய்விடும். ஜப்பானியத் தரத்துத் திருப்புளியோ பிலிப்ஸ் குழியிலும் ஒழுங்காக வேலை செய்யும். புதிதாகத் திருகு தேர்ந்தெடுப்பவருக்கு இது ஒரு தெரிவு அல்ல, பழைய கருவிகளைப் பிரிக்கிறவர் ஒரு திருப்புளி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆலன்: இயந்திரத்துக்கு

தண்டு ஒன்று, அதில் பெல்ட் ஓடும் சக்கரங்கள், சக்கரத்தைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் சதுரத் தலைத் திருகுகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலைகள் இப்படித்தான் இயங்கின. துருத்திக்கொண்டிருந்த அந்தத் தலைகள் தொழிலாளிகளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உயிரைக் குடித்தன. 1910இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஆலன் அறுகோணக் குழித் திருகு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்று, அதைப் பாதுகாப்புத் திருகு என்றே விற்றார். தலை வெளியே நீட்டாமல் உள்ளேயே புதைந்தது. 1936இல் ஜெர்மனியின் பவுவர் - ஷௌர்ட்டே நிறுவனம் இதே வடிவத்தை இன்பஸ் என்ற பெயரில் பரப்பியது.

அறுகோணத்தின் பெரும்பலம் அதன் சாவி. எல் வடிவில் வளைந்த ஒரு கம்பித் துண்டு, அவ்வளவுதான். நீண்ட கையைப் பிடித்தால் நெம்பு விசை, குட்டைக் கையைப் பிடித்தால் வேகம். திருப்புளி நுழையாத இடுக்கிலும் வேலை செய்யும். இதன் குழி நேரான சுவருடையது என்பதால் பிட்டை மேலே தள்ளாது, எடையைப் போட்டு அழுத்த வேண்டியதில்லை. எம்3 முதல் எம்12 வரையான (அதாவது மரையின் விட்டம் 3 முதல் 12 மில்லிமீட்டர்) உருளைத் தலை போல்ட்டுகளில், குறிப்பாக 8.8, 12.9 போன்ற வலிமை வகைகளில், இதை அசைக்க ஆளில்லை.

ஆனால் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, தலையின் வடிவத்தைப் பொறுத்துக் குழியின் அளவு மாறும். எம்5 உருளைத் தலைக்கு 4 மில்லிமீட்டர் சாவி. அதே எம்5, குமிழ்த் தலையாகவோ சரிவுத் தலையாகவோ இருந்தால் 3 மில்லிமீட்டர்தான். எம்4க்கு முறையே 3, 2.5. எம்3க்கு 2.5, 2. அழகாக இருக்கிறதே என்று குமிழ்த் தலையைத் தேர்ந்தவர்கள், கழற்றும் நாளில் குழி வட்டமாகிவிட்டதைப் பார்த்து ஆலனைத் திட்டுவார்கள். திட்ட வேண்டியது தலையின் வடிவத்தை.

இரண்டாவது, அங்குலமும் மில்லிமீட்டரும் கலப்பது. 5/32 அங்குலச் சாவி 3.97 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் குழியில் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். இந்த நம்பிக்கையில் 3/32 அங்குலச் சாவியை 2.5 மில்லிமீட்டர் குழியில் விட்டால் அது 2.38தான் இருக்கும். இறுக்கும்போது தெரியாது, இறுகியதைத் திருப்பும்போது மூலைகள் மழுங்கும். அறுகோணத்தில் விசை மூலைகளுக்கு அருகில் மட்டும் குவிவதாலும், அதன் பெரும்பகுதி குழியை வெளிநோக்கிப் பிளக்கும் திசையில் போவதாலும், இந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும் சக்தி அதற்கு இல்லை. பந்து முனைச் சாவி சாய்த்துப் பிடிக்க வசதி, ஆனால் கடைசி இறுக்கத்துக்கும் முதல் தளர்த்தலுக்கும் நேர் முனையையே பயன்படுத்துங்கள்.

டார்க்ஸ்

டார்க்ஸை 1967இல் அமெரிக்காவின் காம்கார் டெக்ஸ்ட்ரான் நிறுவனம் கொண்டுவந்தது. இதன் வரலாற்றில் சண்டையோ மனக்கசப்போ சொல்லும்படி இல்லை, முன்னவற்றின் குறைகளைக் கணக்கிட்டுப் போட்ட பொறியாளர்களின் வடிவம். அறுகோணத்தில் 60 பாகை சாய்வாக விழும் விசை, டார்க்ஸின் வளைந்த மடல்களில் ஏறத்தாழ 15 பாகைக்குக் குறைகிறது. அதாவது கொடுக்கும் விசையில் பெரும்பங்கு திருகைத் திருப்புவதற்கே போகிறது, தலையைப் பிளப்பதற்குப் போவதில்லை. சுவர்கள் நேரானவை, பிட் எகிறாது. 1990இல் வந்த டார்க்ஸ் பிளஸ் அந்தச் சாய்வையும் ஏறக்குறையப் பூச்சியமாக்கியது. இன்று இந்த வடிவத்துக்குச் சர்வதேசத் தரம் இருக்கிறது, பல நிறுவனங்கள் வேறு வேறு பெயரில் செய்கின்றன.

புதிய வேலை என்றால், மரமோ உலோகமோ, என் முதல் தேர்வு இதுதான். ஆனாலும் குறையில்லாதது அல்ல. டி20, டி25 என்ற அளவுகள் நெருக்கமானவை. ஓர் அளவு சிறிய பிட் உள்ளே நுழைந்து ஓரளவு பிடிக்கவும் செய்யும், அப்படிச் சில முறை செய்தால் மடல்கள் தேய்ந்துவிடும். நுழைகிற பிட் போதாது, நுழைவதிலேயே பெரிய பிட் வேண்டும். மரத் திருகுகளில் பொதுவாக 4 மில்லிமீட்டருக்கு டி20, 5க்கு டி25, 6க்கு டி30 வரும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், வாங்கும்போதே எல்லா நீளத்தையும் ஒரே நிறுவனத்தில் எடுத்தால் பிட் மாற்றும் தொல்லை குறையும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிட் வழுக்காதபோது அந்த விசை வேறெங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? பிலிப்ஸில் தலை மழியும். டார்க்ஸில் தலை தாங்கிக்கொள்ளும், கழுத்து முறியும். கடினமான மரத்தில் துளை போடாமல், மின் கருவியை முழு வேகத்தில் விட்டு மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் திருகை இறக்கினால் இது நிச்சயம் நடக்கும். முறிந்த தண்டை மரத்திலிருந்து எடுப்பது மழிந்த தலையை எடுப்பதைவிடக் கொடுமை. ஆகவே டார்க்ஸுக்கு மாறுகிறவர்கள் மின் கருவியின் விசை வரம்பு வளையத்தைக் குறைத்து வைக்கவும், முன்துளை போடவும் பழக வேண்டும்.

எந்த வேலைக்கு எது

வெளிப்புற மரத்தளம், வேலி, கூரைச் சட்டம் ஆகியவற்றுக்கு டார்க்ஸ். மழையில் ஊறி இறுகிய திருகை ஆண்டுகள் கழித்துக் கழற்ற வேறெதுவும் இவ்வளவு வாய்ப்புத் தராது. குழி மேல்நோக்கி இருந்தால் மண் அடைத்துக்கொள்ளும், கழற்றும் முன் ஊசியால் தோண்டி, பிட்டை வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டி உட்கார வையுங்கள். வீட்டுக்குள் அலமாரி, கீல் போன்றவற்றுக்கும் இதுவே. ஏற்கெனவே போசிடிரைவ் நிறைந்த வீடு என்றால் அதையே தொடர்ந்து, நல்ல பிட் ஒன்றை வாங்கிக்கொள்வது நியாயம். இரண்டு வகையைக் கலந்து வைத்துக்கொண்டு கீலுக்குக் கீல் பிட் மாற்றுவது யாருக்கும் இன்பமல்ல.

இயந்திரப் பாகங்களில் எம்6க்கு மேல் உருளைத் தலை ஆலன். எம்5க்குக் கீழே, அதிலும் குமிழ்த் தலையோ சரிவுத் தலையோ வேண்டுமென்றால், டார்க்ஸுக்கு மாறிவிடுங்கள். எம்3க்கு டி10 கிடைக்கிறது, அதே இடத்தில் 2 மில்லிமீட்டர் அறுகோணத்தை நம்புவது தேவையில்லாத துணிச்சல். அடிக்கடி சரிசெய்யப்படும் பாகம், வழியில் நின்று கழற்ற வேண்டிய மிதிவண்டிப் பாகம் போன்றவற்றில் ஆலன் சாவியின் எளிமைக்கு முன் டார்க்ஸின் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம்.

யாரும் திறக்கக் கூடாது என்பதற்காகவே விசித்திரமான தலைகளைத் தேடுகிறவர்களும் உண்டு. நடுவில் ஊசி நிற்கும் டார்க்ஸ், முடுக்க மட்டும் முடிகிற ஒருவழிக் கோடு, ஆப்பிள் 2009 முதல் பயன்படுத்தும் ஐந்து மடல் பென்டலோப். பொதுக் கழிப்பறைக் கதவுக்கு இது சரி. உங்கள் சொந்தப் பொருளுக்கு வேண்டாம், பூட்டப்பட்டு வெளியே நிற்பவர் பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள்.

ஏற்கெனவே போட்டிருக்கும் பிலிப்ஸ் திருகுகளை எல்லாம் பிடுங்கி மாற்ற வேண்டுமா என்றால், வேண்டாம். ஏதோ ஒரு காரணத்துக்காக ஒன்றைக் கழற்ற நேரும்போது அதன் இடத்தில் அதே தடிமனும் நீளமும் உள்ள டார்க்ஸைப் போட்டுவிடுங்கள். தேய்ந்த பிஹெச்2 பிட்டுகளை இன்றே தூக்கி எறியுங்கள். மழிந்த பிலிப்ஸ் தலைகளில் பலவற்றுக்கு முனை உருண்டுபோன பிட்தான் காரணம், அதை வைத்துக்கொண்டு எந்தத் தலையை வாங்கினாலும் பலன் இருக்காது.